ஒன்றென்றால் நில்

1

இந்தக் கதை ஓர் ஆணிப் பலகையில் பிறந்தது. ஹார்ட்ஸ் மலையின் பழைய சுரங்கம் ஒன்றில் நுழையும்போது கையில் எண் போட்ட பித்தளை வில்லை கொடுத்தார்கள். அதை உள்ளே கொண்டுபோக வேண்டும், வெளியே வந்ததும் வாசல் பலகையில் மாட்ட வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் வெளியே. அடுத்த ஊர்ச் சுரங்கத்தில் அந்தக் காலத்து வழக்கம் நேர் தலைகீழ்: நுழையும்போது மாட்டு, வரும்போது எடு. ஒருவன் இரண்டு வழக்கத்தையும் குழப்பிக்கொண்டால்? அந்தக் குழப்பத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். ஃபோல்க்மாரைப் பிடித்தேன்.

2

"பனிமூட்டம் மலையை மெல்ல—"

(வேண்டாம். மலை என்றால் பனிமூட்டம்தானா?)

வண்டியை ஹைட்ரூன் ஓட்டினாள். பக்கத்தில் அவள் கணவன் ஃபோல்க்மார். வாலிபம் முழுக்கச் சுரங்கத்தில் கழித்தவன். கூட்டாளி எக்பெர்ட்மேல் பாறை சரிந்த அன்று மேலே வந்தவன் பிறகு இறங்கவேயில்லை. ஒரே நாளில் மூன்று பழைய சுரங்க ஊர்கள், நடுவில் பட்டாணி சூப், எல்லாம் அவள் போட்ட திட்டம்.

"இன்னிக்காவது எக்பெர்ட்டைப் பத்தி வாயைத் திறப்பியா?"

அவன் ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு தட்டு தட்டினான்.*

"தட்டாதய்யா! மனுஷி கேக்குறேன்ல?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடி."

"ரோடும் பேசாது, நீயும் பேசமாட்ட. எனக்கு எதுக்கு ரெண்டு ரோடு? அந்தப் பொந்துலயே கெடந்திருக்கலாம் நீ."



* சுரங்க மணியின் பாஷை. ஒன்றென்றால் நில், இரண்டென்றால் மேலே தூக்கு. அவர்கள் வீட்டிலும் அதுதான். பேச்சுப் போதுமென்றால் மேசையில் ஒரு தட்டு. சோபாவிலிருந்து எழக் கை வேண்டுமென்றால் இரண்டு. அவளும் திட்டிக்கொண்டே இழுத்து விடுவாள்.

3

ஹைட்ரூனும் ஃபோல்க்மாரும் சேர்ந்து பழைய சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கப் போன கூட்டம் வெளியே வந்தது; அதில் அவனைக் காணோம். வழிகாட்டிப் பெண் வீப்கே பலகையைப் பார்த்தாள். எல்லா வில்லையும் தொங்கியது. விளக்கை அணைத்து, இரும்புக் கதவைப் பூட்டினாள்.

(தலையை எண்ணாமலா பூட்டுவாள் என்பீர்கள். அங்கே ஆளைவிட வில்லையைத்தான் நம்புவார்கள். அப்படி நம்பித்தான் பல பேர் உயிரோடு வீடு போயிருக்கிறார்கள்.)

"உங்க வீட்டுக்காரர் முன்னாடியே வந்துட்டார் போலம்மா. வில்லை தொங்குதே."

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிருப்பான். போகட்டும்."

வண்டியில் அவன் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் இல்லை. ரொட்டிக் கடையிலும் இல்லை. ஹைட்ரூன் வண்டிக்குத் திரும்பி பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றினாள், குடிக்கவில்லை. அவன் வேலை பார்த்த சுரங்கத்தில் நுழையும்போதுதான் வில்லையை மாட்டுவார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வீப்கே! அவன் உள்ள இருக்கான்! வில்லையை மாட்டிட்டு உள்ள போயிருக்கான்!"

வீப்கேவின் முகம் வெளுத்தது. சாவி கீழே அலுவலகத்தில் இருந்தது. விழுந்தடித்து ஓடினாள்.

4

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

"பழக்கதோஷத்தில் அவன் கை தானாக—" எழுதி அடித்தேன்.

"அவள் சொன்ன சொல்லை மனதில் வைத்து, வேண்டுமென்றே—" அதையும் அடித்தேன். ஆனால் அந்த வரி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. ஹைட்ரூனுக்கும் தெரிகிறது. பூட்டிய கதவுக்கு முன்னால் அவளை நடுங்க வைப்பது அதுதான்.

ஒரு முடிவில் அவன் கால் வழுக்கி இருட்டில் கிடக்கிறான். இன்னொன்றில் பாறையில் சாய்ந்து, இத்தனை வருஷம் கழித்து எக்பெர்ட்டுக்காக அழுகிறான். மூன்றாவதை எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

5

வீப்கே இன்னும் திரும்பவில்லை. ஹைட்ரூன் கத்திப் பார்த்தாள். குரல் கதவைத் தாண்டவில்லை. ஒரு கல்லை எடுத்து இரும்பில் இரண்டு தட்டு தட்டினாள். மேலே தூக்கட்டுமா என்று அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டாள்.

உள்ளே எங்கோ தண்ணீர்க் குழாயில் ஒரு தட்டு கேட்டது.

உயிரோடு இருக்கிறான். அவள் கதவில் காதை வைத்து அழுத்தினாள். "இன்னொண்ணு தட்டுய்யா," என்றாள். "ஒண்ணே ஒண்ணு."

அது முழுசாக ஒன்றா, இரண்டில் பாதியா? எனக்குத் தெரியாது. நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் இன்னும் கதவோடு ஒட்டி நிற்கிறாள்.

அந்த இன்னொரு தட்டுக்கு, உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மேசையோ சுவரோ இருக்கும்.