வரிசையின் வால்

எங்கள் நாட்டில் எல்லோரும் வரிசையில்தான் பிறந்தோம். நான் பிறந்த இடத்திலிருந்து பார்த்தால் கடை தெரியாது. பள்ளிக்கூடமும் வரிசையிலேயே நடந்தது. கரும்பலகை கைமாறிக் கைமாறி என்னிடம் வருவதற்குள் கணக்கில் பாதி அழிந்திருக்கும். ஆகவே கணக்கு எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

கடையில் என்ன தருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் நில், பிறகு கேள் என்பது எங்கள் வழக்கம்.

நீண்டுகொண்டே போன வரிசையின் வால் ஒரு வசந்தத்தில் எல்லையைத் தாண்டி அடுத்த நாட்டுக்குள் போய்விட்டது. அங்கே ஆரஞ்சுப் பழம் மரத்திலேயே தொங்குகிறதாம் என்று வாய்வழியே சேதி வந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை.

தாய்நாட்டுக்கு முதுகு காட்டிப் போகிறவரைச் சுடலாம் என்பது சட்டம். வரிசையில் எல்லோர் முகமும் தாய்நாட்டைத்தானே பார்க்கிறது! அம்மா பின்னால் நின்ற இலோனா அக்காவிடம், "நீங்க முன்னால போங்க" என்றாள். நானும் சொன்னேன். வெளிநாடு ஓர் அடி நெருங்கியது. இப்படியே மரியாதை செய்துகொண்டு எல்லைக் கோடு வரை வந்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

எங்களுக்கு முன்னால் நின்ற அப்பா மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் வழிவிடாதவர், உடும்புப் பிடி. அவர் இல்லாமல் கோட்டைத் தாண்ட மாட்டேன் என்று அம்மா நின்றுவிட்டாள். முன்னால் இருந்தவரிடம் சேதி சொல்லி அனுப்பினாள்.

"விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

பதில் வந்தது. "கடைக் கதவு தெரியுதுன்னு சொல்லச் சொன்னார்."

"எனக்கு அவர் மூஞ்சி தெரியலைன்னு சொல்லுங்க."

அம்மா அழுதாள். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு ஒரு மத்தியானம் ஒட்டுப்போட்ட கோட்டு ஒன்று முதுகு காட்டியபடி எங்களை நோக்கி வந்தது. "தோழர், நீங்க முன்னால. பாட்டி, நீங்களும்தான்" என்று அதற்கு முன்பக்கத்திலிருந்து குரல் கேட்டது. அம்மா அந்த முதுகைக் கட்டிக்கொண்டாள்.

அப்பா அதற்குள் வழிவிடுவதில் ருசி கண்டுவிட்டார். எல்லைக் காவலர் பெத்கோவுக்கும் வழிவிட்டார். பெத்கோவிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லையாம். கண் கலங்க, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். அவர் நாய் போனது. தடுப்புக் கம்பமும் போனது.

அடுத்து நின்றது புதிய நாடு. "நீங்க முன்னால போங்க" என்றார் அப்பா. மரங்கள், டிராம் வண்டி, மாநகராட்சிக் கட்டடம் எல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின. அவை போன இடம் விசாலமாக இருந்தது. அடுப்புக்கு நல்ல இடம் என்று அம்மா பார்த்து வைத்தாள்.

எங்களுக்குப் பின்னால் இப்போது கடல் மட்டும்தான் நின்றது. அப்பா தொப்பியைக் கழற்றினார். அம்மா ஓடிப்போய் அவர் வாயைப் பொத்துவதற்குள் கடல் நன்றி சொல்லிக்கொண்டே எங்களை நோக்கி நகர்ந்துவிட்டது.

நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம்.