எண்ணெய் படக்கூடாத இடம்

மெக்கானிக் ரெமிஜியஸ் டீ கிளாஸைத் தெருவோரத்திலேயே வைத்துவிட்டு ஓடினான்.

"சார், கையை எடுங்க. முதல்ல கையை எடுங்க சார்."

பட்டறைக்குள், பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரத்தருகே தேசிகன் குந்தியிருந்தார். ஒரு கையில் சின்ன சீசா. இன்னொரு கையின் விரல்களில் நல்லெண்ணெய் வழிந்தது.

"ஏன் பதறறே? சனிக்கிழமையாச்சே. காலையில நான் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன். இதுக்கும் நாலு சொட்டு விட்டேன்."

"எத்தினி சக்கரத்துக்கு?"

"நாலுக்கும்."

ரெமிஜியஸ் சுவரில் சாய்ந்துகொண்டான். காலையிலிருந்து பாடுபட்டு, தேய்ந்துபோன பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிப் புதியவற்றை அப்போதுதான் மாட்டி முடித்திருந்தான். பம்பாயிலிருந்து ரயிலில் வந்த சாமான். வேறு செட் கிடையாது. மணி ஒன்றரை.

நாலு மணிக்கு பக்கத்துத் தெரு கஸ்தூரிரங்கன் வருவதாகப் பேச்சு, காரை விலைக்கு வாங்கிக்கொண்டு போக.

ஏற்பாடு தேசிகனின் மனைவி ருக்மிணியுடையது. பதினோரு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு வெள்ளைக்கார கேப்டன் இறக்குமதி செய்து, ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. தேசிகனுக்கு அது உயிர். ஆனால் ஏறி உட்கார்ந்தால் குதிரை. போன வாரம் ருக்மிணி கறாராகச் சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு வரேன். மடியில வெச்சுண்டு பூ தொடுப்பேன். ஒரு பூ கீழே விழுந்தாலும் காரை கஸ்தூரிரங்கனுக்குக் கொடுத்துடணும்."

அந்த ருக்மிணி இப்போது பட்டறை வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்து, கனகாம்பரத்தைக் கூடையில் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றாள்.

ரெமிஜியஸின் மனைவி டோரீன்தான் பதில் சொன்னாள். நட்டு போல்ட்டுகளை வரிசையாக எடுத்துக் கொடுப்பவள் அவள். "அம்மா, இந்த ஷாக் அப்சார்பருக்குள்ள மரத்தட்டு இருக்குது. ரெண்டு இரும்புக் கைக்கு நடுவுல. அது உரசினாத்தான் ஸ்பிரிங் குதிக்காம நிக்கும். எண்ணெய் பட்டா வழுக்கிடும். சார் வாராவாரம் இதே வேலை பண்ணியிருக்காரு. பழசு அதனாலதான் போச்சு. எண்ணெயில புழுதி ஒட்டி, அரைச்சு எடுத்திருக்குது."

தேசிகன் தலைகுனிந்தார். "காப்பாத்தறதா நினைச்சேன்."

"காரை நீங்க காப்பாத்தினது போதும்," என்றாள் ருக்மிணி. "எண்ணெய் தேய்ச்சாச்சு. சீயக்காய் போட வேண்டாமா?"

ரெமிஜியஸ் நிமிர்ந்தான். ஒரு விநாடி அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

"டோரீன், பெட்ரோல் டின்னைக் கொண்டா. இதுக்கு அதான் சீயக்காய்."

அப்புறம் நடந்தது ஓட்டம்தான். நாலையும் கழற்றினான். ஒன்றுக்கு இரண்டாக எட்டு மரத்தட்டுகளும் பெட்ரோலில் முங்கின. எழுந்தன. மறுபடி முங்கின. டோரீன் உப்புத்தாளால் தேய்த்தாள். தேசிகன் சட்டையைக் கழற்றிப் பூணூலைக் காதில் மாட்டிக்கொண்டு, தகரத்தின் மேல் வெயிலில் தட்டுகளை அப்பளம் மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டார்.

"சார், ஊத வேணாம். உங்க வாயிலகூட எண்ணெய் இருக்கும்."

மூன்று மணிக்கு மரம் வெளுத்து, தொட்டால் சொரசொரத்தது. மூன்றரைக்குக் கடைசி நட்டு இறுகியது. ரெமிஜியஸ் காரின் பின்புறத்தில் தன் முழு எடையையும் போட்டு அழுத்திவிட்டு எழுந்தான். வண்டி தாழ்ந்தது. மேலே வந்தது. நின்றது. மறுபடி குதிக்கவில்லை.

"பேஷ்," என்றார் தேசிகன்.

ருக்மிணி கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். தேசிகன் ஓட்ட, கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஏரிக்கரைச் சாலை, மாட்டு வண்டிகள் உழுதுபோட்ட சாலை. முதல் பள்ளம் வந்தது. தேசிகன் பல்லைக் கடித்தார். கார் முனகிவிட்டுத் தாண்டியது. ருக்மிணியின் விரல்கள் நிற்கவில்லை. இரண்டு பூ, ஒரு முடிச்சு. இரண்டாவது பள்ளம். மூன்றாவது. ஏரிக் காற்றில் அவருக்குப் பாடத் தோன்றியது. பாடினார், சுருதி சேரவில்லை.

"ரோட்டைப் பாருங்கோ."

பார்த்தார். அதனால்தான் அந்தக் கல் கண்ணில் பட்டது, ரொம்பத் தாமதமாக. டக்கென்று ஒரே ஒரு குலுக்கல்.

ஒரு கனகாம்பரம் அவள் மடியிலிருந்து வழுக்கி, அவர் காலடியில் விழுந்தது.

தேசிகன் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். பேச்சு பேச்சுதான். ஸ்டியரிங்கை ஒரு முறை தடவிக் கொடுத்தார்.

"விழுந்துடுத்து ருக்கு."

ருக்மிணி குனிந்து அந்தப் பூவை எடுத்தாள். ஊதினாள். சரத்தில் வைத்து முடிச்சுப் போட்டாள்.

"எங்கே விழுந்தது? இதோ இருக்கே."

"கஸ்தூரிரங்கன் வந்துடுவாரே?"

"அவருக்கு இந்த விஷயமே தெரியாது."

தேசிகன் அவளைப் பார்த்தார். அவள் சரத்தைத் தலையில் செருகிக்கொண்டிருந்தாள், ரொம்ப நிதானமாக.

"பின்னே எதுக்கு இத்தனை மிரட்டல்?"

"தன்மையாச் சொன்னா நீங்க ஷாக் அப்சார்பரை மாத்தியிருப்பேளா? அந்தக் குதிப்புல ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சு என் தோள்பட்டையே கழண்டுடுத்து."

"உன் தோள்பட்டையா?"

ருக்மிணி கதவைத் திறந்து இறங்கினாள். காரைச் சுற்றி அவர் பக்கம் வந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"தள்ளி உட்காருங்கோ. டோரீன் கத்துக்கொடுத்து ஆறு மாசம் ஆச்சு. நீங்க சைக்கிள்ல ஆபீசுக்குப் போனப்புறம், புதன்கிழமை தவறாம இதை ஓட்டறது நான்தான்."