நாற்பது நிமிடம்

மேல் பொத்தான் துவாரத்துக்குள் போக மறுத்தது. பெரியவள் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, அப்பாவின் கழுத்துச் சதையை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையாக முயன்றாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்காக அவளே வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு ஒருநாள் போட்டுவிட்டு மடித்து வைத்தவர், அப்புறம் தொடவே இல்லை.

சின்னவள் உள்ளே வந்தாள். படகிலிருந்து வந்த அதே கால்சட்டை. முழங்காலில் உப்பு பூத்திருந்தது. அக்காவின் கையை விலக்கினாள். இரண்டு பொத்தான்களைத் திறந்துவிட்டு, காலரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து விட்டாள்.

"அவருக்கு மூச்சு முட்டும்க்கா."

செத்தவருக்கு எங்கே மூச்சு முட்டும் என்று வாய்வரை வந்தது. சட்டை திறந்ததும் அவர் அவராக ஆகிவிட்டிருந்தார். அதுதான் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சட்டை போடுவது என்று காலையில் அம்மாவிடம் கேட்டதற்கு அம்மாவும், சின்னவளைக் கேளு, அவளுக்குத்தான் தெரியும் என்றுதான் சொன்னாள்.

மூன்றாவது மாடி வரை படிக்கட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லாம் படகுத்துறை ஆட்கள். அப்பாவை அவர்கள் கேப்டன் என்பார்கள். பொழுது சாய்ந்ததும் நகரத்துப் பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு துறைமுக வாயிலில் இருக்கும் பெரிய பாலத்துக்கு அடியில் போவார். பாலத்து விளக்கு தண்ணீரில் விழுகிற இடத்தில் பொடிமீன் கூடும். அதைத் தின்ன முப்பது கிலோ, நாற்பது கிலோ பாறை மீன்கள் வந்து, வெளிச்சத்துக்குள் வராமல் பாலத்தின் நிழல் விளிம்பில் காத்து நிற்கும். அந்த விளிம்பு நீரோட்டத்தோடு எப்படி நகரும் என்று அறிந்தவர் ஊரிலேயே அப்பா ஒருவர்தான். வந்தவர்கள் தூண்டிலில் மீனோடு மல்லுக்கட்டி, படகோரம் இழுத்து வந்து, படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். புடிச்சதை விடறதுக்கு ஒரு பொழப்பா என்று அம்மா இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படியேறி வந்த ஒவ்வொருவரும் நேராகச் சின்னவளிடம் போனார்கள். அவள் தோளைப் பிடித்தார்கள். பேச்சு வராமல் நின்றார்கள். பெரியவளிடம் வந்தபோது மட்டும் எல்லாருக்கும் பேச்சு வந்தது. நீங்கதான் அந்தப் படிச்ச பொண்ணா என்று கேட்டார்கள். ஏதோ அப்பா அவளை வேறு ஊரில் வாங்கி வைத்திருந்த மாதிரி.

பத்து வயதில் ஒருமுறை அவளும் படகில் வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். உனக்கு அங்க என்ன வேலை, போய்ப் படி என்றார். படித்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். சின்னவள் பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆனாள். மறுநாளே அவளைப் படகில் ஏற்றிக்கொண்டார். ஃபெயில் ஆனதற்குப் படகு, பாஸ் ஆனதற்கு மேசை. இது என்ன நியாயம் என்று பெரியவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், பொறாமைக்காரி என்பார்கள். அவள் பொறாமைக்காரிதான். அதைச் சொல்ல இன்னொருத்தர் எதற்கு.

துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. படகில் யாராவது இறந்தால், சுக்கான் பிடித்தவர் நடந்ததை எழுதி மறுநாள் நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சின்னவளுடைய லைசென்ஸ் இருக்குமா போகுமா என்று முடிவு செய்வார்கள். ஐந்து மணிக்குத் தகனம்.

சின்னவள் படிவத்தை அக்காவிடம் நீட்டினாள். அதற்கு மட்டும் அக்கா. பெரியவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் படிக்கிற வேலையில் இருந்தாள். எந்த வாக்கியம் எவனைக் கவிழ்க்கும் என்று படித்தவுடன் தெரியும்.

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சொல்லு என்றாள்.

சின்னவள் விட்டு விட்டுப் பேசினாள். மீன் மாட்டிவிட்டால் படகில் யாரும் பேசக் கூடாது. அது அப்பா வைத்த சட்டம். அவர் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடிக்கொள்வார். ரீலின் சத்தத்தைக் கேட்டே மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வார். வாயால் அல்ல. வலது கை முழங்கால் மேல் இருக்கும். ஒரு விரல் என்றால் மெல்ல முன்னால் போ. இரண்டு விரல் என்றால் பின்னால். கட்டைவிரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திருப்பு. கையை மூடினால் அங்கேயே நிறுத்து, நான் சொல்லும்வரை நகராதே. சுக்கான் பிடிக்கிறவள் மீனைப் பார்க்கக் கூடாது, அந்தக் கையை மட்டும் பார்க்க வேண்டும்.

நேற்று ஒன்பது ஐம்பதுக்கு மீன் கடித்தது. தூண்டில் பிடித்தவர் பல் டாக்டர், ஆறு வருஷமாக வருகிறவர். அப்பா ஒரு விரல் காட்டினார். பிறகு கட்டைவிரல். பிறகு கையை மூடினார். அதன் பிறகு அந்தக் கை திறக்கவே இல்லை. நீரோட்டம் பாலத்துத் தூணை நோக்கி இழுத்தது. இன்ஜினைக் கூட்டியும் குறைத்தும் சின்னவள் படகை ஆணி அடித்து வைத்த மாதிரி ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தாள். இவ்வளவு நேரம் அவர் நிறுத்தச் சொன்னதே இல்லை. என்னவோ பெரிய யோசனை வைத்திருக்கிறார் என்று நினைத்தாளாம். மீன் தானாகவே களைத்து மேலே வந்தது. படகில் அதுவரை வந்ததிலேயே பெரியது. டாக்டர் கத்தினார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

"ஒரு தடவகூட நீ அவரைக் கூப்பிடலையா?"

"மீன் இருக்கறப்ப கூப்பிட மாட்டோம்க்கா." சின்னவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் மூடினாரா, அதுவா மூடிக்கிச்சான்னு எனக்குத் தெரியல. இன்னும் தெரியல."

பெரியவளுக்கு முதலில் கோபம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. நாற்பது நிமிடம் ஒருத்தி கண் இமைக்காமல் அவர் கையைப் பார்த்திருக்கிறாள். உயிர் போன பிறகும் அந்தக் கை சொன்னதைக் கேட்டிருக்கிறாள். தனக்கு அந்தக் கையில் ஒரு விரலின் அர்த்தம்கூட இன்றைக்குத்தான் தெரிகிறது, அதுவும் இவள் சொல்லி.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தாள். படகோட்டி நாற்பது நிமிடம் கவனிக்கத் தவறினார். ஐந்து சொல். அத்தனையும் உண்மை. அலுவலகத்தில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால், மேற்கொண்டு படிக்காமலே முடித்துவிடலாம். லைசென்ஸ் போகும். படகு கட்டிய இடத்திலேயே கிடக்கும். சின்னவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பத்தாவது ஃபெயில், வேறொன்றும் தெரியாது. இரண்டு பேரும் கரையில். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது. அது இருந்ததை அவள் மறைக்க நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள். அம்மா, சின்னவளே, தண்ணி என்று குரல் கொடுத்தாள். அவள் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து, அதே நாற்காலியில், அதே மாதிரி உட்கார்ந்தாள். அக்கா என்ன எழுதினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்பது அந்த உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

பெரியவள் தாளைக் கசக்கினாள். படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தாள். பத்தரை மணிக்கு என் தந்தை நெஞ்சு வலிப்பதாகச் சொன்னார். உடனே படகைக் கரைக்குத் திருப்பினேன். துறையை அடையும்போது அவர் நினைவிழந்திருந்தார்.

சின்னவள் எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்தாள்.

"மீனு எங்கக்கா?"

"மீனு இல்ல."

"இருந்துச்சே. அவர் சொல்லித்தான புடிச்சோம்."

"மீனுன்னு எழுதினா எவ்ளோ நேரம்னு கேப்பான். நேரத்தச் சொன்னா உன் லைசென்ஸ் போச்சு. டாக்டர்கிட்டயும் இதையே சொல்லச் சொல்லிடறேன்."

"அப்ப அந்த நாப்பது நிமிஷம்?"

"அது நடக்கல."

சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று பெரியவளுக்குப் புரிந்தது. தங்கையைக் காப்பாற்றியிருக்கிறாள். காப்பாற்றுகிற சாக்கில், தனக்குக் கிடைக்காததை அவளிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறாள். வேறு வழி இல்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாட முடியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சின்னவள் பேனாவை முடிச்சுப் போடுகிறவள் மாதிரி அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

துறைமுக அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். அவருக்கும் அப்பாவைத் தெரியும். வருத்தப்பட்டார், நாற்காலி போடச் சொன்னார். முத்திரையைக் கையில் எடுத்தவர், அதை வைக்காமல் சின்னவளைப் பார்த்தார்.

"மீனு ஏதாவது மாட்டியிருந்துச்சாம்மா?"

பெரியவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அலுவலர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல சார்," என்றாள் சின்னவள். "நேத்து ஒண்ணும் கடிக்கல."

"கேப்டன் படகுலயா?" அவர் சிரித்தார். நல்ல மனதோடு சிரித்த சிரிப்புதான். "அவருக்கும் அப்படி ஒரு நாள் வந்துச்சா. அதுவும் கடைசி நாளா பாத்து." முத்திரை விழுந்தது.

திரும்பி வரும் வழியில், ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது பெரியவள், சாப்பிட்டியா என்று கேட்டாள். சின்னவள் இல்லை என்று தலையாட்டினாள். பச்சை விழுந்தது.

தகன மேடையின் இரும்புக் கதவு மூடியதும் கூட்டம் மெல்லக் கலைந்தது. அம்மாவை யாரோ கைத்தாங்கலாக வண்டிக்கு அழைத்துப் போனார்கள். சின்னவள் முகம் கழுவ மூலையிலிருந்த குழாயடிக்குப் போனாள். பெரியவள் இருவருடைய பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

பல் டாக்டர் அவளிடம் வந்தார். மதியம் போனில் அவள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சரி, சரி என்று ஒப்புக்கொண்டவர். தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர். அந்த நாற்பது நிமிடம் அவருடையதும்தான்.

"ஒரு படம் இருக்கும்மா," என்றார். "மீன விடறதுக்கு முன்னாடி எடுத்தது. அப்ப எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. இத வெச்சுக்கக் கூடாதில்ல? அழிச்சிடட்டுமா?"

போனை வாங்கிப் பார்த்தாள். கை நீட்டி அவரே எடுத்த படம். டாக்டரின் பற்கள், அவருக்குப் பக்கத்தில் படகோரத் தண்ணீரில் வெள்ளித் தகடாக மீன், பின்னால் ஐஸ் பெட்டி மேல் அப்பா, தலை சாய்ந்து, மேல் பொத்தான்கள் திறந்து. ஓரத்தில் சின்னவள், ஒரு கை சுக்கானில். டாக்டரின் கண் மீன் மேல். சின்னவள் மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாகச் சிரித்துக்கொண்டு, அவர் கண்ணைத் திறந்து ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று.

அந்த முகம் பெரியவளுக்குத் தெரியும். மார்க் ஷீட்டை நீட்டிக்கொண்டு, அவர் தூங்கி எழட்டும் என்று கட்டில் ஓரத்தில் தான் நின்ற நாட்களில் தன்னிடம் இருந்த முகம்.

"அவளுக்கு அனுப்புங்க," என்றாள். "அப்புறம் அழிச்சிடுங்க."

டாக்டர் தலையைக் குனிந்து ஏதோ அழுத்தினார். பெரியவளின் தோளில் தங்கையின் பை ஒருமுறை அதிர்ந்தது. உள்ளே கைவிட்டுப் போனை எடுத்தாள். திரையைப் பார்க்காமல் குழாயடிக்கு நடந்து போய் நீட்டினாள்.

"யாருக்கா?"

"நீயே பாரு."

சின்னவளின் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. கால்சட்டையைப் பார்த்தாள், உப்பேறிய அதில் துடைக்க முடியாது. அக்காவின் துப்பட்டா நுனியை எடுத்துக்கொண்டாள். அதில் ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். பெரியவள், துணி எட்டுகிற மாதிரி இன்னும் ஒரு எட்டு கிட்டே வந்து நின்றாள்.