பாலைமோட்டைச் சந்தையின் பத்தொன்பது சைக்கிள் முறைப்பாடுகள்

பாலைமோட்டைச் சந்தையில் நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்கள் தாமாகவே புறப்பட்டுத் தங்கள் பழைய சொந்தக்காரரின் வீடுகளுக்குப் போகத் தொடங்கியது, போன வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பின் வந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அன்று கத்தரிக்காய் மலிவு. மீன் வரவு குறைவு. முதலில் போனது தொலைபேசிக் கடை அஜந்தனின் நீலச் சைக்கிள். அது தன் ஸ்ராண்டைத் தானே தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் நின்றவற்றில் முட்டாமல் பின்வாங்கி, வாசலில் ஒரு கணம் தயங்கி, வீதியின் இடது கரையைப் பிடித்துக்கொண்டு உடையார்கட்டுப் பக்கமாகப் போனது. எதிரே வந்த உழவு இயந்திரத்துக்கு ஒழுங்காக விலகிக் கொடுத்தது. கண்டவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒன்பது பேர் காற்று என்றார்கள். மற்ற இருவரும் மரக்கறி வியாபாரிகள். அந்த நேரம் தங்கள் கடைக்கு மேலே கட்டிய படங்கு ஆடவேயில்லை என்று சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் மூன்று போயின.

பாலைமோட்டை பழைய சந்தை. வெள்ளைக்கார ஏசண்டர் குதிரையில் வந்து அடிக்கல் வைத்த காலத்திலிருந்து, கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் காட்டிலிருந்து தேனும் வந்து சேருகிற இடம். குற்றம் என்று பார்த்தால் வருடத்துக்கு ஏழெட்டுக் கோழிக் களவு, இரண்டு தண்ணீர்ப் பம்பு, அனுமதியில்லாமல் ஏற்றிய மணல், கசிப்புச் சாராயம். இதைக்கூடக் குறைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் சிவில் பாதுகாப்புக் குழுவின் தலைவர் ஏரம்பு. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்தவர். ஏரம்பர் நீர்ப்பாசனத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது நாலு ஏக்கர் வயல் செய்கிறார். வாய்க்காலில் தண்ணீர் எத்தனை அங்குலம் என்று அளந்து பழகிய மனுசன், ஊரின் ஒழுக்கத்தையும் அப்படியே அளக்கலாம் என்று நம்பினார். அந்தப் பொங்கலுக்குப் பிறகு சந்தை வாசலில் ஒரு பலகை நட்டார். “குற்றமற்ற நகரம் பாலைமோட்டை. களவுப் பொருள் இங்கே தங்காது.” வசனம் அவருடையதே. சைக்கிள்கள் அதை வாசித்தனவா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் பலகை, காசுக்குச் சைக்கிள் நிறுத்தும் பாக்குக்கு நேரெதிரே நின்றது.

சைக்கிள் பாக்கை நடத்தியவள் கமலேஸ்வரி. மலையகத் தோட்டக்காட்டிலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்த குடும்பம். ஐம்பத்திரண்டு வயது. தகரக் கொட்டில், ஒரு கதிரை, இலக்கமிட்ட அட்டைத் துண்டுகள். சைக்கிளில் ஒரு பாதித் துண்டு, ஆளிடம் மறு பாதி. பதினொரு வருடத்தில் ஒரு சைக்கிள்கூட மாறிப் போனதில்லை என்பது அவளுடைய பெருமை. பிரதேச சபை வருடாவருடம் அவளுக்கே பாக்கைக் குத்தகைக்கு விட்டதும் அதனால்தான். பாக் போனால் அவளுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. வயல் கூலிக்கு முழங்கால் விடாது. சைக்கிள் போன ஒவ்வொருவனும் பாதித் துண்டைக் காட்டி அவள் முன்னால் கையை நீட்டியபோது, அவள் எழும்பிப் போய்ச் சைக்கிள் நின்ற வெற்றிடத்தைத் திரும்பவும் பார்த்தாள்.

“அக்கா, துண்டு இருக்கு. சைக்கிள் எங்க?” என்றான் அஜந்தன்.

“நீயுந்தானே பாத்துக்கொண்டு நிண்டனீ. அது போகேக்க ஏன் பிடிக்கேல்லை?”

“சும்மா உருளுது எண்டு நினைச்சன்.”

“சும்மா உருளுறது சந்தியில திரும்புமோடா?”

பொலிஸ் காவலரணில் முறைப்பாடு எழுதிய சார்ஜன் தெற்கிலிருந்து வந்தவர். தமிழை வகுப்பில் புத்தகம் வைத்துப் படித்தவர் என்பதால் ஊரிலேயே சுத்தமான தமிழ் அவருடையதுதான். “அம்மணி, துவிச்சக்கர வண்டியைக் கொண்டு சென்ற நபரின் அடையாளம் யாது?” என்று கேட்டார். ஆளில்லை, தனியத்தான் போனது என்றாள் கமலேஸ்வரி. அவர் யோசித்து, “தனியாகச் சென்ற அந்த நபரின் பெயர்?” என்றார். படிவத்தில் சந்தேக நபர் என்ற இடத்தை வெறுமையாக விட வழியில்லை என்பதால், அந்த மாதம் முழுவதும் அங்கே பாக் உரிமையாளரின் பெயரே எழுதப்பட்டது.

இப்படியே விட்டால் மறியற்சாலையில்தான் முடியும் என்று கண்ட கமலேஸ்வரி, நாலாவது சந்தை நாளில், புறப்பட்ட ஒரு பச்சைச் சைக்கிளைப் பின்தொடர்ந்தாள். அவளுடையது ஒரு நிறுவனம் விதவைகளுக்குக் கொடுத்த லேடீஸ் சைக்கிள். அது புதிதாகவே அவளிடம் வந்தது. அதனால் வேறெங்கும் போகும் எண்ணம் அதற்கு இல்லை. பச்சைச் சைக்கிள் அவசரப்படவில்லை. மேடுகளில் அவள் மூச்சு வாங்கியபோது வேகத்தைக் குறைத்தது என்றுகூட அவளுக்குப் பட்டது. ஆறு மைல் போய், உடையார்கட்டைத் தாண்டி, ஒரு ஒழுங்கையில் இறங்கி, முருங்கை நின்ற வளவின் படலையில் முன்சில்லால் இரண்டு முறை முட்டியது. ஒரு ஆசிரியை மாக் கையோடு வந்து படலையைத் திறந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். கையைச் சீலையில் துடைத்தாள்.

“எங்கட அண்ணற்ற. மட்காட்டில நெளிவைப் பாருங்கோ, மாட்டில அடிச்சது,” என்றாள். பிறகு, வந்தவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டது நினைவு வந்து, “உள்ளுக்கு வாங்கோவன், பிட்டு அவியுது” என்றாள்.

பிட்டுச் சாப்பிடும்போதுதான் மற்றதும் தெரிந்தது. ஆசிரியை பதினைந்து வருடமாக ஓடிய சைக்கிளும் போன வெள்ளிக்கிழமை அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. முறைப்பாடு கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள். “என்னெண்டு குடுக்கிறது? அதுவும் என்ர இல்லையே. நானும் அந்தக் குவியலுக்கதான் எடுத்தனான்.”

அந்தக் குவியலைப் பற்றிக் கமலேஸ்வரிக்கு விளக்கத் தேவையில்லை. சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊர் திரும்பிய வருடம், கடற்கரைப் பக்கம் மலைபோலக் குவிந்து கிடந்த சைக்கிள்களில் அவரவருடையதை அடையாளம் சொல்லி எடுக்கலாம் என்று விட்டார்கள். ஆயிரக்கணக்கில் கிடந்தவற்றில் தன்னுடையதைத் தேடிக் கண்டவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் காற்றுப் போகாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, என்ன அடையாளம் என்று கேட்டவனுக்கு, கண்ணில் பட்ட கீறலைச் சொன்னார்கள். அதைக் களவு என்று எவரும் சொல்லவில்லை. தன்னுடையதையும் எவனோ ஒருவன் இப்படித்தான் கொண்டுபோயிருப்பான் என்பதால் மனச்சாட்சியும் பெரிதாகக் குத்தவில்லை. அப்படியாக வன்னியில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரின் சைக்கிளில் பதினைந்து வருடம் ஓடினார்கள். இப்போது சைக்கிள்கள்தாம் அதைத் திருத்தத் தொடங்கியிருந்தன.

கமலேஸ்வரி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். எல்லாருக்கும் விளங்கியது, எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால், முறைப்பாட்டில் “எனது சொந்தத் துவிச்சக்கர வண்டி” என்று ஒப்பமிட்டது பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக ஊர் முழுக்கச் சைக்கிளைக் கட்டி வைத்தார்கள். தென்னையில் கட்டினார்கள், அம்மியில் கட்டினார்கள், மீன்காரர் யோகநாதன் தன் காலிலேயே கட்டிக்கொண்டு வியாபாரம் செய்து, பன்னிரண்டரைக்கு முத்தையன்கட்டு வீதியில் கால் மைல் தூரம் நொண்டிக்கொண்டு ஓடிய பிறகுதான் கயிற்றை அறுத்தார். சார்ஜன் ஒரு சைக்கிளைப் பிடித்துக் காவலரணுக்குப் பின்னால் விலங்கு போட்டார்; விலங்கு நின்றது, சைக்கிள் போய்விட்டது. ஆவணி பிறந்தபோது முறைப்பாடுகள் பத்தொன்பது. மாவட்டத்திலேயே களவு கூடிய இடம் பாலைமோட்டை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தம்முடைய பலகைக்குக் கீழே அந்தக் கடிதத்தை வாசித்த ஏரம்பருக்கு முகம் கறுத்துப்போனது. வெள்ளிக்கிழமை பகல் சந்தைக் கொட்டகையில் குழு கூடும், பாக் குத்தகையை நிறுத்தும்படி சபைக்கு எழுதும் என்று அறிவித்தார். “அவள் ஆரோ கூட்டத்தோட சேர்ந்து செய்யிறாள். சைக்கிளுக்குக் காலோ முளைச்சிருக்கு?” என்றார்.

இதைச் சொல்ல அவர் மூன்று மைல் நடந்து வந்திருந்தார். பதினைந்து வருடம் சைக்கிளை விட்டு இறங்காத மனுசன் இரண்டு கிழமையாக நடக்கிறார் என்பதைக் கமலேஸ்வரி கவனித்தாள். காரணத்தைக் கேட்ட ஒருவரிடம் அவர், டொக்டர் நடக்கச் சொன்னவர் என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கொட்டகை நிறைந்தது. சார்ஜன் பத்தொன்பது படிவங்களோடு வந்திருந்தார். கமலேஸ்வரி தன் கதிரையைக் கொண்டுவந்து முன்னால் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஏரம்பர் கூட்டத்தைத் தொடக்கி முதல் வசனத்தின் நடுவில் நின்றபோது, தார் வீதியில் இரும்பு இழுபடுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கறுத்தச் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அதன் நடுச் சட்டத்தில் தடித்த சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில், நாலு கம்பியும் இரண்டு கதவும் சுவரின் கொஞ்சச் சுண்ணாம்புமாக, ஒரு முழு யன்னல். சந்தியில் யன்னல் மின்கம்பத்தில் தடக்கியது. சைக்கிள் பின்வாங்கி, வளைத்து எடுத்து, திரும்பவும் இழுத்தது. கொட்டகைக்குள் நுழைந்து, விலகி வழிவிட்ட சனத்துக்கு நடுவால் வந்து, கமலேஸ்வரியின் கதிரைக்கு முன்னால் நின்றது.

ஏரம்பர் எப்போதும் பின் கரியரில் கட்டி வைத்திருக்கும் சாக்கு வழியில் கழன்று போயிருந்தது. அதன் கீழே தகரத்தை மடித்து ஆணியடித்திருந்த விதத்தைக் கண்டதும் அவள் பழனியாண்டியின் கைவேலையை அறிந்துகொண்டாள். அவளுடைய புருசன். இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் அவளைப் பதுங்குகுழிக்குள் இருத்திவிட்டு, அரிசி பார்த்து வாறன் என்று இந்தச் சைக்கிளில் போனவன். வரவில்லை. அவள் தன்னுடையது என்று சொன்னால், களவுச் சைக்கிள் அவளிடமே வந்து நிற்கிறது என்று ஊர் முழுக்கச் சாட்சி. இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

சார்ஜன் யன்னலைச் சுற்றி ஒருமுறை நடந்து, “தலைவர் ஐயா, இவ்வுடைமை தங்களுடையதா?” என்று கேட்டார்.

ஏரம்பர் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இருபதாவது முறைப்பாடும் எழுதியாகிவிடும், பாக்கும் மூடப்படும். அவர் சைக்கிளைப் பார்த்தார், வெளியே தன் பலகையைப் பார்த்தார், கதிரையில் அசையாமல் இருந்தவளைப் பார்த்தார். தண்ணீர் மட்டத்தை ஒரு நாளும் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனுசன்.

“யன்னல் என்ர,” என்றார். “சைக்கிள் அவாவின்ர.”

கொட்டகையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிறகு அஜந்தன் எழும்பி, தன்னுடையதும் சரியாகப் பார்த்தால் தன்னுடையது இல்லை என்றான். யோகநாதன் தன் காலைத் தடவிக்கொண்டு, ஓம், அதுவும் அப்படித்தான் என்றார். பத்தொன்பது முறைப்பாட்டையும் மீளப்பெறப் பத்தொன்பது கடிதம் வேண்டும் என்று சார்ஜன் சொன்னார். எழுதி முடிய மூன்றரை மணியாகிவிட்டது. தன்னுடைய வீட்டுக்குத் தானே போகிற பொருளைக் களவாகக் கணக்கிடுவதில்லை என்று குழு தீர்மானித்தது. பாக் கமலேஸ்வரியிடமே இருந்தது. அந்த மாதத்துக் குற்ற அறிக்கையில் ஒரேயொரு கோழி.

சனம் கலைந்த பிறகு ஏரம்பர் சங்கிலியின் திறப்பைத் தேடிப் பொக்கற்றுகளைத் தட்டிக்கொண்டு நின்றார். கமலேஸ்வரி, எங்கே எடுத்தது என்று கேட்டாள்.

“குவியலுக்க இல்லை, பிள்ளை. கொஞ்சம் தள்ளி, ஒரு பனையடியில. ஸ்ராண்டில நிறுத்திக் கிடந்தது.”

“பூட்டி இருந்ததோ, ஐயா?”

“ஓம். பூட்டை நான்தான் உடைச்சனான்.”

அவள் கொஞ்ச நேரம் சைக்கிள் சீற்றைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு, யன்னலுக்கும் ஒரு துண்டு தரட்டோ, நாளைக்கு லாண்ட்மாஸ்ரர் வண்டி பிடிச்சு வந்து எடுங்கோவன் என்றாள். அவர் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கத் தொடங்கினார். அவருடைய சொந்தச் சைக்கிள், தகப்பன் வாங்கிக் கொடுத்த பழைய றலி, இன்றுவரை வரவில்லை. எழுபத்து நாலு வயது. மூன்று கிழமை அவர் நடந்து வந்து போவதைப் பார்த்த கமலேஸ்வரி, ஒரு திங்கட்கிழமை பின்னேரம், அக்கம்பக்கத்தில் எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கறுத்தச் சைக்கிளிடம் விசயத்தைச் சொன்னாள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும். கிழவன் பாவம்.

அன்றிலிருந்து சந்தை நாட்களில் அது காலை ஏழு மணிக்குத் தனியாகப் போய் ஏரம்பரை ஏற்றி வருகிறது. பின்னேரம் அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. வீதியில் கண்டவர்கள் விலகி வழிவிடுவதோடு சரி. மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பிந்திவிட்டது. நாலு மணி, நாலரை, ஐந்து. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அரிசி பார்க்கப் போனவனுக்குக் காத்திருந்தது நினைவில் ஓட, கமலேஸ்வரி குசினி அடுப்புக்கும் கேற்றுக்குமாக நடந்தாள். ஐந்தேகாலுக்கு ஒழுங்கை முடக்கில் மணிச் சத்தம் கேட்டது. சைக்கிள் தனியத்தான் வந்தது, சில்லெல்லாம் சேறு. அவள் கேற்றை அகலத் திறந்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீங்கள்?” என்றாள்.