எண்ணூற்று இருபதாவது கிலோமீட்டர்

மாமியார் போன பிறகும் அவளுக்கு விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடம் அந்த நேரத்துக்கு எழுந்து, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றிப் பழகிய உடம்பு. இனி வேலையில்லை என்று அதற்கு யார் சொல்வது? பால்கனியில் மகன் விட்டுப்போன சைக்கிள் காற்றிறங்கி நின்றது. ஒருநாள் காற்றடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. முதலில் வேலைக்குச் சைக்கிளில் போனாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது, நூறு, இருநூறு கிலோமீட்டர் என்று தூரம் கூடிக்கொண்டே போனது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். "வயசான காலத்துல என் பொண்டாட்டிக்கு ரெக்கை முளைச்சிருக்கு" என்று கேலி செய்தவர், பிறகு தானாகவே செயினுக்கு எண்ணெய் போட்டுவைக்க ஆரம்பித்தார்.

அதே ஆஸ்பத்திரியின் பல் டாக்டரும் சைக்கிள் ஓட்டுபவர். அவளைவிட நான்கு வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். வெளிநாட்டில் நடக்கும் ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தைப் பற்றிச் சொன்னது அவர்தான். அதில் முதலிடம் என்று எதுவும் கிடையாது. வழியிலுள்ள நிறுத்தங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு எழுபத்தைந்து மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். மூன்று வருடம் சேர்ந்து ஓட்டிப் பழகி, இருவரும் விமானம் ஏறினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், எழுநூற்று எண்பதைத் தாண்டியபோது, அவள் தலை தொங்கிப்போனது. பெரிய வலி ஒன்றும் இல்லை. நிமிர்த்தினால் நிற்கவில்லை, அவ்வளவுதான். முன்சக்கரமும் அதற்கு முன்னால் இரண்டடி தாரும் மட்டும் தெரிந்தன. ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டினாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "என்னக்கா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"தலை நிக்கல டாக்டர்."

அவர் இறங்கி வந்து பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தசை முழுக்க ஓய்ந்துபோயிருந்தது. உபரி டியூப் ஒன்றை எடுத்து, ஹெல்மெட்டின் பின்பக்கத்திலிருந்து அவள் முதுகுப்பையின் பட்டைக்கு இழுத்துக் கட்டினார். "பல்லு கட்டுறவனைத் தலை கட்ட வெச்சிட்டீங்களே" என்றார். சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை.

"நீங்க போங்க, நேரம் ஓடுது."

"உங்களை விட்டுட்டுப் போனா மாமா என்னை உரிச்சிடுவாரு."

"என்னால நீங்களும் முடிக்காமப் போனா அதையும் நான்தான் சுமக்கணும். இருக்கிற சுமை போதும். போங்க."

அவர் போனார். இரண்டுமுறை திரும்பிப் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அடுத்த நாற்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. எதிர்க்காற்று. லாரி கடக்கும்போதெல்லாம் சைக்கிள் ஓரத்துக்குத் தள்ளாடியது. டியூப் இழுத்த இழுப்பில் நெற்றித்தோல் எரிந்தது. இறக்கங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த நிறுத்தமான பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த நரைத்த தலைப் பெண் முத்திரை குத்தினாள். மொழி தெரியாததால் கடிகாரத்தைக் காட்டினாள். அந்த நிறுத்தத்துக்கான நேரம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம் மிச்சம். பிறகு வாசலைக் காட்டினாள், தரையில் விரித்திருந்த மெத்தைகளைக் காட்டினாள், புருவத்தை உயர்த்தினாள்.

அவள் சுவரோரம் உட்கார்ந்து தன் கணவருக்குப் போன் செய்தாள்.

"எங்க இருக்க?"

"எண்ணூத்து இருபது. கழுத்து நிக்க மாட்டேங்குதுங்க."

"இன்னும் நூத்தி எம்பதுதானேம்மா. கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடாதா? இவ்ளோ தூரம் போயிட்டு..."

"ஏங்க, எனக்கு முடியல."

இந்த வார்த்தையை அவரிடம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. கேட்டு அவருக்கும் பழக்கமில்லை.

"சரி, நிப்பாட்டிடு" என்றார். பிறகு, "அம்மாவைப் பாத்துக்கிட்டப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"சில நாள்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா யாரு பாத்திருப்பா?"

"ஏதாவது சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அட்டையை மேசைமேல் வைத்தாள். அந்தப் பெண் மிச்சக் கட்டங்களுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, தேநீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவள் பாதி குடித்தாள். காலணியைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.

விடிந்ததும் ஒரு வேன் அவளை முடிவிடத்துக்குக் கூட்டிப்போனது. தலை தொங்கியிருந்ததால் ஜன்னலில் சாலையோரம் மட்டும்தான் தெரிந்தது. வேன் தாண்டிப்போன சைக்கிள் சக்கரங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். போதும் என்று சொன்னது அவள்தான். இருந்தும் அழுகை வந்தது.

நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் டாக்டர் வந்து சேர்ந்தார். முகம் கறுத்து, கால் வளைந்து, பாதி ஆளாகியிருந்தார். "மெடல் உங்களுக்குத்தான்கா" என்று நீட்டினார்.

"தலையே தொங்குது. அது வேறயா?" என்று அவர் கையை மடக்கிவிட்டாள்.

அன்று மாலை விமான நிலையத்தில் பெரிய பலகையை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. டாக்டர் படித்துச் சொன்னார்.

"ரெண்டு மணி நேரம் லேட்டுக்கா."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி, மூன்று நாற்காலிகளில் குறுக்கிப் படுத்துக்கொண்டாள்.