விநாசித்தம்பியின் இரத்தம்

"அந்த ரத்தம் எங்கட வீட்டுக்குள்ள வரக் கூடாது, பிள்ளை" என்று சொல்லிவிட்டு, விநாசித்தம்பி காப்பியைக் குடிக்காமலே தள்ளி வைத்தார்.

மகள் யோகலட்சுமிக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அன்று காலையிலிருந்தே அவள் கால் தரையில் இல்லை. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோயைப் பற்றி, மலாய் நாட்டில் கெலுகோர் என்னும் ஊரின் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தாள். எலியின் உயிரணுக்களுக்குள் அவள் செலுத்திய மனித மரபணு ஒவ்வொரு முறையும் ஊமையாகவே கிடந்தது. அன்று அது வேலை செய்தது. அதற்கு அடையாளமாக எக்ஸ்ரே படலத்தில் ஒரு கறுப்புக் கோடு. அதைக் கண்டதும் அவளும் ஆய்வுக்கூட உதவியாளன் தங்கராஜுவும் தாழ்வாரத்தில் கைகோத்துத் தட்டாமாலை சுற்றினார்கள். மூச்சு வாங்க நின்றபோது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவள்தான் கேட்டாள்.

இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் வீட்டில் சொன்னாள். அப்பாவின் காதில் இரண்டாவதுதான் விழுந்தது. தங்கராஜுவின் பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். விநாசித்தம்பியோ யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா, ஊரிலுள்ள யாழ்ப்பாணத்தார் சங்கத்தின் உறுப்பினர். தாயில்லாத மகளை இவ்வளவு படிக்கவைத்தவர்தான். ஆனாலும் நான்கு தலைமுறையாக வெளியே கலக்காத இரத்தம் என்பதில் அவருக்குப் பெருமை.

நோயாளிகளின் இரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாதவர்களின் இரத்தமும் அவளுக்குத் தேவைப்பட்டது. நீங்களே தாருங்களேன் என்று அப்பாவிடம் கேட்டாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சனிக்கிழமை டை கட்டிக்கொண்டு, தாமே காரோட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினார். ஊசி குத்தியதே தெரியவில்லை. "நல்ல கை, தம்பி" என்று பாராட்டிய பிறகுதான், எதிரே நின்றவன் சட்டையில் தங்கராஜு என்ற பெயரைப் படித்தார்.

மூன்று பேர் இரத்தத்தையும் சோதித்தார்கள். தங்கராஜுவிடம் ஒரு குறையும் இல்லை. அப்பாவிடமும் மகளிடமும், சயாமிலும் மலாய் நாட்டிலும் பரவலாக உள்ள ஒரு ஹீமோகுளோபின் மாற்றம் இருந்தது. அவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் தலசீமியாவைச் சுமக்கும் ஒருவனை அவள் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம்.

"எங்கட குடும்பத்துக்குள்ள இது எப்பிடி வந்தது?"

"யார் வழியா வந்ததுன்னு ரத்தம் சொல்லாதுப்பா. வந்திருக்கு, அவ்வளவுதான்."

கோலாலம்பூரில் அவர் ஓர் இஞ்சினியர் மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். நேர்மையான மனிதர் என்பதால் அந்த வீட்டாருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொல்லி, பையனும் சோதித்துக்கொள்வது நல்லது என்றார். அவர்கள் பையனைச் சோதிக்கவில்லை. பெண்ணின் இரத்தம் சரியில்லை என்று சம்பந்தத்தையே விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் விநாசித்தம்பி வாசல் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கராஜு தன் தாய் சின்னம்மாவைக் காரில் அழைத்துவந்தான். உட்காரச் சொல்லக்கூட மறந்து, மகளின் இரத்த விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்று விநாசித்தம்பி கேட்டார்.

"பையன் சொன்னான். பொறக்கப்போற புள்ளைக்கி ஒண்ணும் வராதாம் லா. அப்பறம் என்னாங்கய்யா?" என்றாள் சின்னம்மா. கூடவே, "எங்க வூட்டுல நீங்க சாப்புடுவீங்களா? எனக்கு அதுதான் தெரியணும்" என்றாள்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள். "எனக்குப் பசிக்குது மாமி" என்று போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். விநாசித்தம்பி உள்ளே போய் டை கட்டிக்கொண்டு வந்தார். பிறகு வீட்டைப் பூட்டினார்.

கடற்பாலத்துக்கு அப்பால் புக்கிட் தெங்காவில், தன் வீட்டில் சின்னம்மா வைத்த மீன் குழம்பை அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் மகளிடம் மெல்லச் சொன்னார்: "நான் அங்க சாப்பிட்டதை எங்கட சங்கத்தில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

கார் பாலத்தில் ஏறியது. யோகலட்சுமியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சங்கத்தார் இருநூறு பேருக்கும் கல்யாணச் சமையல் சின்னம்மாதான் என்று, கை கழுவும்போதே அவள் பேசி முடித்துவிட்டிருந்தாள்.