மஞ்சள் சிக்னல்

அண்ணியின் முன்பல் ஒன்று என் கைவேலை. பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. சொந்த அண்ணிதானே என்று நான் அதைச் சமையலறை பல்பின் கீழே பார்த்துத் தொலைத்தேன். பல் லேசாக மஞ்சளடித்துவிட்டது.

அண்ணி டவுன் பஸ் ஓட்டுகிறாள். அண்ணன் அவளுக்கு 'மஞ்சள் சிக்னல்' என்று பெயர் வைத்துவிட்டான். வேறு செய்து தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"இருக்கட்டும்டி. உன்னை மிரட்ட எனக்கு ஒரு பிடி வேணும்ல," என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை டிரைவர்களின் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. முகம் அண்ணியுடையது, துணியில்லாத உடம்பு யாருடையதோ. கம்ப்யூட்டர் ஒட்டிக் கொடுத்த அசிங்கம். போட்டவன் அதே டெப்போவில் ஓட்டுகிறவன். தனக்கு எங்கிருந்தோ வந்ததாம், சும்மா அனுப்பினானாம். டெப்போ மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வந்து விளக்கம் சொல்லும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்றுவிட்டார்.

ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய ரூட் அது. அண்ணி வீட்டிலிருந்த திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தாள். காய்ந்ததும் மறுபடி துவைத்தாள். அண்ணன் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் யாரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த விஷயத்தில் எங்கள் குடும்பம் தங்கம்.

"நீ பாரு. என்னால முடியல," என்று போனை என்னிடம் நீட்டினாள்.

பார்த்தேன். அந்த முகம் சிரித்தது. நான் நிறுத்தினேன், பெரிதாக்கினேன். எல்லாப் பல்லும் பளீரென்று ஒரே வெள்ளை.

வெள்ளிக்கிழமை அண்ணியோடு நானும் போனேன். பல் செய்வதற்காக எடுத்து வைத்திருந்த அவள் வாயின் மாவுக்கல் அச்சை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப்போய் மேலாளரின் மேசையில் வைத்தேன். மனிதர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சார், இந்தப் பல்லு நான் செஞ்சது. நிறத்தைத் தப்பா செஞ்சது, மஞ்சளா இருக்கும். வீடியோவுல தேடிப் பாருங்க," என்றேன். செய்த தப்பைச் சொல்லி நான் இவ்வளவு பெருமைப்பட்டது கிடையாது.

அண்ணி வாயைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"போலின்னு நிரூபிச்சிட்டீங்கம்மா. திங்கட்கிழமை வண்டிய எடுங்க."

நான் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஜெயித்த குஷி எனக்கு. அண்ணி எழுந்திருக்கவில்லை.

"சார், இவ வேலைய ஒழுங்கா செஞ்சிருந்தா?"

"புரியலம்மா."

"இந்தப் பல்லும் வெள்ளையா இருந்திருந்தா என் வண்டி போயிருக்கும், இல்ல? குரூப்ல போட்டவன் இன்னிக்குக் காலையிலகூட வண்டி எடுத்துட்டுப் போனான். விளக்கம் சொல்ல வந்தது நான்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று நாளாகப் பல்லையே நோண்டிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. மேலாளர் பேனா மூடியைத் திறந்து மூடினார். பிறகு போனை எடுத்து, அந்த ஆளை வண்டியிலிருந்து இறக்கச் சொன்னார். போலீஸுக்குப் புகார் எழுதித் தானே கையெழுத்தும் போட்டார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருக்கிறது.

"இப்ப சந்தோஷமாம்மா?"

"சந்தோஷம் சார். போன வருஷம் டிக்கெட் கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு இருந்தா. இதே மாதிரி வீடியோ வந்ததும் வேலைய விட்டுட்டுப் போனாளே, அவளையும் கூப்பிடுங்க."

அவர் தலை குனிந்தது. அந்தப் பெண்ணிடமும் அவர்தான் விளக்கம் கேட்டிருக்கிறார். பழைய பதிவேட்டைப் புரட்டி நம்பரைக் கண்டுபிடித்தார். பாதி எண்ணை அழுத்திவிட்டு நிறுத்தினார்.

"எடுத்தா என்னம்மா சொல்றது? அது உண்மையில்லன்னு இப்ப எனக்குத் தெரியும்னு சொல்லவா?"

"அது அவளுக்கு அப்பவே தெரியும் சார்," என்றாள் அண்ணி. "நீங்க மன்னிப்புக் கேளுங்க."